மவ்ஸிமைப் பெருமை பேசுகிறோம், மவ்ஸிமை மறந்துவிட்டோம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கோபம் வந்தால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வருடா வருடம் ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தியும் சேர்ந்து பொழியத் தொடங்கும். எல்லோருக்கும் வந்திருக்கும். "மொன்சூன் என்ற ஆங்கிலச் சொல் மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உலகத்துக்குக் காற்றைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. வஸ்கொடகாமாவுக்கு வழி காட்டியவரும் ஒரு முஸ்லிம் மாலுமியே. எல்லோருக்கும் பகிருங்கள்." கீழே வரிசையாக மாஷா அல்லாஹ், சுப்ஹானல்லாஹ், பச்சை இதயங்கள். அதே குழுவில் பத்து நிமிடம் கழித்து இன்னொரு செய்தி வரும். "வாய்க்கால் உடைத்துவிட்டதாம், பாலத்துக்கு மேலால் தண்ணி போகுதாம், பிள்ளைகள் கிளாசுக்குப் போயிட்டாங்க, யாராவது அந்தப் பக்கம் இருக்கீங்களா?"

இந்த இரண்டு செய்திகளும் ஒரே குழுவில், ஒரே மழையில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்து விழுகின்றன. அதுதான் எமது பிரச்சினை. நாம் எதைப் பெருமையாகப் பேசுகிறோமோ அதன் பொருள் எமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டாவது செய்தி வந்திருக்காது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அந்தச் செய்தியின் முதல் வரி உண்மை. மொன்சூன் அரபிலிருந்து வந்த சொல்தான். அதில் எந்த அகராதிக்காரருக்கும் பெரிய சண்டை இல்லை. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்த்துக்கேயர் இந்து சமுத்திரத்துக்கு வந்தார்கள். இங்கே கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் வாயிலிருந்து மவ்ஸிம் என்ற சொல்லைக் கேட்டார்கள். அவர்களின் வாயில் அது மொன்சாவ் ஆனது. அரபில் இல்லாத ஒரு மூக்கொலி நடுவில் ஏறிக்கொண்டது. ஒல்லாந்தர் அதைத் தங்கள் பாணியில் எடுத்தார்கள். 1580களில் ஆங்கில எழுத்தில் அது தென்படத் தொடங்குகிறது. 1686இல் எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில விஞ்ஞானி, அதே ஹாலி வால்வெள்ளிக்காரர்தான், வியாபாரக் காற்றுகளையும் மொன்சூன்களையும் பற்றிக் கட்டுரை எழுதி வரைபடமும் போட்டார். அதன் பிறகு அது மாலுமியின் சொல்லாக இருந்ததோடு விஞ்ஞானச் சொல்லாகவும் ஆகிவிட்டது.

அந்தச் சொல் மேற்கே மட்டும் போகவில்லை. உருதுவில் மவ்ஸம் என்றால் வானிலை. துருக்கியில் மெவ்ஸிம் என்றால் பருவம். கிழக்கு ஆபிரிக்காவின் சுவாஹிலியில் ம்ஸிமு. மலாயில் மூஸிம். இங்கே எங்களோடு வாழும் மலாய் சகோதரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அவ்வளவு தூரம் ஏன்? சிங்களப் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மோசம என்று இருக்கும். அதுவும் இதே சொல்தான். சிங்களப் பிள்ளை அன்றாடம் சொல்லும் அந்தச் சொல், ஆங்கில மொன்சூனைவிட அரபு மூலத்துக்குக் கிட்ட நிற்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். தமிழில் மோசம் என்றால் வேறு அர்த்தம். சிரிக்கட்டும். சிரித்தால்தான் மனதில் நிற்கும்.

ஆக, முதல் வரி சரி. அடுத்த இரண்டு வரிகளிலும்தான் பிரச்சினை.

"காற்றைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே" என்பது எப்படிச் சரியாகும்? மவ்ஸிம் என்ற சொல் இஸ்லாத்துக்கும் முந்தியது. உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் என்று ஜாஹிலிய்யாக் காலத்தில் கூடிய சந்தைகளையே மவ்ஸிம் என்றார்கள். காற்றோ அதற்கும் பழையது. கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் வழிகாட்டி என்ற கிரேக்க நூல், ஹிப்பாலஸ் என்ற மாலுமி அந்தக் காற்றைப் பிடித்து நடுக்கடலால் ஓடும் வழியைக் கண்டார் என்கிறது. அவருக்கு முந்தியே அரபிகளும் இந்தியக் கரையோர மக்களும் அதே காற்றில் ஓடிக்கொண்டிருந்தார்கள். காற்று யாருடைய சொத்தும் இல்லை. அது அல்லாஹ்வின் அத்தாட்சி. அவனது அத்தாட்சிக்கு நாம் உறுதி எழுத முடியாது.

வஸ்கொடகாமா கதை இன்னும் மோசம். வழி காட்டியவர் மாபெரும் மாலுமி இப்னு மாஜித் என்று நம்மில் பலர் மேடை போட்டுப் பேசியிருக்கிறோம். 1498இல் மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு அந்தக் கப்பல்களைக் கூட்டிச் சென்றவர் ஒரு குஜராத்தி என்றே போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். இப்னு மாஜிதின் பெயரை இதில் இழுத்துவிட்டது, பல தசாப்தங்கள் கழித்து மக்காவில் இருந்து எழுதிய நஹ்ரவாலி. அவரும் புகழ்ந்து எழுதவில்லை. போதையில் வழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று பழி சொல்லித்தான் எழுதினார். இன்றைய ஆய்வாளர்கள் அந்தக் கதையை ஏற்பதில்லை. ஒரு பெரிய மனிதர்மேல் எதிரி போட்ட அவதூற்றை எடுத்து நாம் பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிகிறோம். இப்படியும் ஒரு பெருமையா?

அதே பயணத்தில் நாம் சொல்ல வேண்டிய கதை வேறு இருக்கிறது. அதை யாரும் பகிர்வதில்லை.

வஸ்கொடகாமா போகும்போது வழிகாட்டியோடு, காற்றின் காலம் பார்த்துப் போனார். ஏப்ரல் கடைசியில் மாலிந்தியை விட்டார். ஏறத்தாழ மூன்று கிழமையில் சமுத்திரத்தைத் தாண்டிவிட்டார். திரும்பும்போது கள்ளிக்கோட்டை அரசனோடு மனக்கசப்பு. ஓகஸ்ட் கடைசியில் அங்கிருந்து புறப்பட்டார். ஒக்டோபர் தொடக்கத்தில் இந்தியக் கரையை விட்டார். வடகீழ்க் காற்று இன்னும் நிலைக்கவில்லை. அதே சமுத்திரத்தைத் தாண்ட மூன்று மாதத்துக்கு மூன்று நாட்கள்தான் குறைவு. காற்று அடிக்கவில்லை, அடித்தாலும் எதிர்த்து அடித்தது. பல்லீறு வீங்கும் நோய் வந்து அந்தக் கடலில் மட்டும் முப்பது பேர் செத்தார்கள். இதை எழுதியவர் கப்பலில் கூடவே இருந்தவர். அதே கடல், அதே கப்பல்கள், அதே ஆட்கள். மாறியது நாள் மட்டுமே.

மவ்ஸிம் என்றால் அந்த நாள்தான்.

இதை நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

மவ்ஸிமின் வேர் வஸ்ம். வஸ்ம் என்றால் அடையாளம், குறி. ஒட்டகத்தின் தோலில் சூடு போட்டு வைக்கும் குறிக்கு வஸ்ம் என்று பெயர். எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக் குறி சுடுவோமே, அதேதான். வரண்ட நிலத்தில் விழுந்து பச்சை பிடிக்க வைக்கும் முதல் மழைக்கு வஸ்மீ என்று பெயர். நிலத்துக்குக் குறி வைக்கும் மழை. மவ்ஸிம் என்றால் குறிக்கப்பட்ட காலம். ஹஜ்ஜுடைய காலம் மவ்ஸிம். சந்தை கூடும் காலம் மவ்ஸிம். ஈச்சம்பழம் பறிக்கும் காலம் மவ்ஸிம். மாலுமிக்கு, இன்ன துறைமுகத்திலிருந்து இன்ன துறைமுகத்துக்குப் புறப்படக் குறித்த நாட்கள் மவ்ஸிம்.

கவனியுங்கள். மாலுமிகளின் அரபில் மவ்ஸிம் என்பது காற்றின் பெயர் இல்லை. காற்றுக்கு அவர்களிடம் வேறு பெயர்கள் இருந்தன. தென்மேல் காற்றைக் கவ்ஸ் என்றார்கள். வடகீழ்க் காற்றை அஸ்யப் என்றார்கள். மவ்ஸிம் என்பது புறப்படலாமா, கூடாதா என்ற கேள்விக்கான பதில். ஐரோப்பியர் அந்தப் பதிலை எடுத்துக் காற்றுக்குப் பெயராக வைத்தார்கள். பிறகு இந்தியாவில் இருந்த வெள்ளையர் காற்றை விட்டு மழைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கடைசியில் ஜெர்மன் அறிஞர் கொப்பன் உலகக் காலநிலைகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்த பட்டியலில், வெப்பமண்டல மொன்சூன் காலநிலை என்று ஒரு பெட்டி வந்தது. அந்தப் பெட்டியில் ஓர் ஊரைப் போட மாத வெப்பநிலையும் மாத மழையும் தெரிந்தால் போதும். காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்ற கேள்வியே அதில் இல்லை.

நாள், காற்று, மழை, காலநிலைப் பெட்டி. ஒவ்வொரு படியிலும் சொல் பெரிதாகியது. ஒவ்வொரு படியிலும் மனிதனுக்கு அது சொல்லிவந்த எச்சரிக்கை கழன்று விழுந்தது. "இன்றைக்குப் புறப்படாதே" என்று சொன்ன ஒரு சொல், "மூன்று பண்புகளைத் தருக" என்ற வினாவாகி நிற்கிறது. அதை மனப்பாடம் செய்து பிள்ளைகளுக்குப் புள்ளி வாங்கிக் கொடுப்பவர்கள் ஆசிரியர்களாகிய நாம். குற்றத்தில் எமக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

இப்னு மாஜித் 1490 அளவில் எழுதி முடித்த கடல் நூலைப் பற்றி மேடையில் பேசுபவர்கள், அதில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. அதில் நாட்கள் இருக்கின்றன. எந்தத் துறையிலிருந்து எத்தனையாம் நாளில் புறப்பட வேண்டும், எத்தனையாம் நாளோடு வாசல் மூடிவிடும் என்று இருக்கிறது. எந்தக் கலண்டரில் தெரியுமா? ஹிஜ்ரிக் கலண்டரில் இல்லை. சந்திரக் கணக்கு வருடத்துக்குப் பதினொரு நாள் பின்னால் நகரும். இந்த வருடம் முஹர்ரத்தில் வந்த காற்று சில வருடங்களில் ஸபரில் வரும். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் அதுதான் கணக்கு, காற்றுக்கு அது உதவாது. ஆகவே அந்த மாலுமிகள் பாரசீகரின் புத்தாண்டான நைரூஸிலிருந்து நாட்களை எண்ணினார்கள். ஐந்து நேரம் தொழுத, நூலை பிஸ்மியோடு தொடங்கிய அந்த மனிதர்களுக்கு, நெருப்பு வணங்கிகளாய் இருந்தவர்களின் கலண்டரை எடுக்க வெட்கம் வரவில்லை. உயிர் காக்கும் கணக்கு எங்கே இருந்தாலும் எடுத்தார்கள்.

தென்மேல் காற்று உக்கிரமாக அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மலபார் துறைமுகங்கள் மூடிக் கிடக்கும். அவசரம் இருந்தாலும், கடன்காரன் நெருக்கினாலும், வீட்டு ஞாபகம் வந்தாலும் புறப்பட முடியாது. காத்திருப்பார்கள். இப்னு பதூதா சீனாவுக்குப் புறப்படும் காலம் வரும்வரை கள்ளிக்கோட்டையில் மூன்று மாதம் காத்திருந்தார். ஒரு சுல்தானின் தூதுவராக வந்தவருக்கே அந்த நிலை.

நாம் யார் என்ற கேள்விக்கும் விடை அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. மாதக்கணக்கில் தங்கியவர்கள் இங்கே பெண் எடுத்தார்கள். மலபாரில், காயல்பட்டினத்தில், பேருவளையில், கொழும்பில் குடும்பமானார்கள். தாய்மார் பேசிய மொழி வீட்டு மொழியானது. அதனால்தான் நாம் அரபு எழுத்தில்கூடத் தமிழையே எழுதினோம். நாம் வெறும் அரபிகளின் பிள்ளைகள் இல்லை. அவசரப்படாத மனிதர்களின் பிள்ளைகள். நாள் பார்த்துக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள்.

அந்தச் சொல்லை எங்களிடம் எடுத்த போர்த்துக்கேயர் என்ன செய்தார்கள் என்பதும் தெரிந்த கதைதான். 1505இல் அவர்களையும் காற்றுத்தான் திசை திருப்பி இந்தத் தீவில் கொண்டுவந்து சேர்த்தது. 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சொல்லை வைத்துக்கொண்டு சொன்னவனைத் துரத்தினார்கள். அன்றைக்குக் கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். மட்டக்களப்புப் பக்கத்தில் நாலாயிரம் பேரைக் குடியேற்றியதாக வரலாறு சொல்கிறது. வந்தவர்கள் கடலை விட்டு வயலைப் பிடித்தார்கள். ஆனால் மவ்ஸிமை விடவில்லை.

ஏன் என்றால், வெள்ளாமைக்கும் மவ்ஸிம் உண்டு. பெரும்போகம் தொடங்க முன்னர் ஆரம்பக் கூட்டம் வைக்கிறோமே, அது என்ன? விதைப்புக்குக் கடைசி நாள் இது, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள் இது, மாடுகளை வட்டையை விட்டு வெளியேற்றும் நாள் இது என்று எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்டு போகிறோம். அரபுச் சொல் ஒன்றுகூட அங்கே பேசப்படுவதில்லை. ஆனால் மவ்ஸிம் என்ற சொல்லின் முழுப் பொருளும் உயிரோடு இருக்கும் இடம் அதுதான். எங்கள் மூத்தவாப்பாமாருக்குக் காற்றின் பெயரும் தெரியும், நாளும் தெரியும். வாடை விழுந்துவிட்டது என்பார்கள். கொண்டல் கட்டுகிறது என்பார்கள். சோளகம் பெயர்கிறது என்பார்கள். மேற்கே மலையைத் தாண்டி வந்து நெற்றியைச் சுடும் காற்றைக் கச்சான் என்பார்கள். இன்றைக்கு எங்கள் பிள்ளையிடம் கச்சான் என்றால் வறுத்து சுருளில் போட்டுத் தருவதுதான் தெரியும். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்றின் வரைவிலக்கணத்தை மூச்சு விடாமல் சொல்லும் பிள்ளைக்கு, தன் கன்னத்தில் அடிக்கும் காற்று அதுதான் என்று தெரியாது.

இனி, சொல்லக் கஷ்டமான விஷயம்.

2024 நவம்பர் 26. மாவடிப்பள்ளி. பெயரைச் சொன்னாலே இந்தப் பக்கத்தில் எவருக்கும் மேலே சொல்லத் தேவையில்லை. மதரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள், வெள்ளம் குறுக்கே பாய்ந்த வீதி, ஓர் உழவு இயந்திரம். அந்த மையித்துகளை நாம் தோளில் சுமந்தோம்.

யாரையும் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. அந்த உம்மாமாரின், வாப்பாமாரின் நெஞ்சில் இன்னொரு முள்ளை ஏற்றவும் எழுதவில்லை. அல்லாஹ் அவர்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும். கேள்வி எங்கள் எல்லோருக்கும்தான். அன்றைக்கு அந்த வீதியால் போனது அந்த உழவு இயந்திரம் மட்டுமா? அதற்கு முந்திய வருடங்களில் இடுப்பளவு தண்ணீரில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாமும் போகவில்லையா? போய்ச் சேர்ந்ததும் அதைப் படம் பிடித்துப் போடவில்லையா? நாம் தப்பியது எங்கள் கெட்டித்தனத்தால் இல்லை.

எந்தக் காலத்தில் இந்த ஆபத்து வரும் என்று தெரியாமல் இருந்தோமா? எங்கள் ஊர் வரலாற்றைப் புரட்டுங்கள். மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளி 1978 நவம்பர் 23. கிழக்கு முழுவதையும் மூழ்கடித்த வெள்ளம் 2011 ஜனவரி. மாவடிப்பள்ளி 2024 நவம்பர். நவம்பர், ஜனவரி, நவம்பர். குறி வைத்திருக்கிறான் அல்லாஹ். ஒட்டகத்தின் தோலில் சூடு போட்டதுபோல எங்கள் நினைவில் சூடு போட்டிருக்கிறான். வஸ்ம் கண்முன்னே இருக்கிறது. மவ்ஸிம் எங்களிடம் இல்லை.

பின்னூட்டத்தில் என்ன வரும் என்று தெரியும். இப்போதே பேசிவிடுவோம்.

"அரபு மொழியின் சிறப்பைக் குறைக்கிறீர்கள்" என்பீர்கள். இல்லை. சொல்லின் பொருளை நடைமுறையில் வைத்திருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. பகிர்வதற்கு விரல் போதும். காத்திருப்பதற்கு அறிவு வேண்டும்.

"எல்லாம் கத்ர்" என்பீர்கள். கத்ரை நம்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். மாலுமிகளும் கத்ரை நம்பியவர்கள்தான். ஆனாலும் ஆடியில் பாய் விரிக்கவில்லை.

"காலநிலை மாறிவிட்டது, பழைய நாட்கள் இனிச் சரிவராது" என்பீர்கள். இது நியாயமான கேள்வி. மழை முந்தியும் பிந்தியும் வருகிறது, வந்தால் ஒரே நாளில் கொட்டுகிறது. ஆனால் இதற்கு விடை நாள் பார்ப்பதைக் கைவிடுவது இல்லை, இன்னும் நெருங்கிப் பார்ப்பதுதான். அன்றைய மாலுமி தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கணக்கைப் பாவித்தார். எமக்குக் கிடைத்திருப்பது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல். கையிலுள்ள போனில் மூன்று மொழியிலும் வருகிறது. கள்ளிக்கோட்டையில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தவருக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் கண்ணில் ஒற்றியிருப்பார். நாம் வாசிக்காமலே கடந்து போய் மவ்ஸிம் பெருமையைப் பகிர்கிறோம்.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, பாலத்தை உயர்த்தட்டும்" என்பீர்கள். உயர்த்தத்தான் வேண்டும். தாழ்ந்த வீதிகளையும் தூர்ந்துபோன வடிகால்களையும் பற்றி நாம் எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. இனியும் எழுதுவோம். ஆனால் பாலம் உயரும்வரை பிள்ளையை எந்த நாளில் அனுப்புவது என்பது எங்கள் கையில் இருக்கிறது. அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

ஆகவே எமது ஊரில் ஒரு மவ்ஸிமைக் குறிப்போம். சும்மா சொல்லவில்லை. பள்ளிவாசல் நிருவாகங்களும் மதரஸாக்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் தனியார் வகுப்பு நடத்துவோரும் ஒரு நாள் உட்கார்ந்தால் முடியும் காரியம். வெள்ளாமைக்கு ஆரம்பக் கூட்டம் வைப்பதுபோல மாரிக்கும் ஒரு கூட்டம், புரட்டாதி முடிவதற்குள்.

அதில் மூன்று விடயங்கள் போதும். ஒன்று, ஒக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை தாழ்ந்த வீதிகளைத் தாண்டிப் போகும் சுற்றுலா, போட்டி, மேலதிக வகுப்பு எதுவும் இல்லை. பிள்ளைகளை விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதென்றால் மழைக்கு முந்தி அனுப்ப வேண்டும். மழை தொடங்கிவிட்டால் இருந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பான கட்டடத்தில் இருக்கும் பிள்ளை நாலு நாள் பருப்பும் சோறும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. இரண்டு, சிவப்பு அறிவித்தல் வந்த நாளில் அதைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். ஜனாஸா அறிவித்தலை ஊர் முழுக்கக் கேட்கச் சொல்கிறோம். ஜனாஸா வராமல் தடுக்கும் அறிவித்தலையும் அதே சத்தத்தில் சொல்லலாம்.

மூன்றாவது, குறி. 2011இல் எங்கே வரை தண்ணீர் வந்தது, 2024இல் எங்கே வரை வந்தது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பாடசாலைச் சுவரிலும் பள்ளிவாசல் தூணிலும் பாலத்துக் கட்டையிலும் சிவப்பு மையால் ஒரு கோடு, பக்கத்தில் வருடம். தண்ணீர் அந்தக் கோட்டை நெருங்கினால் யாரும் இறங்கக் கூடாது. பேரப்பிள்ளை வந்து "இது என்ன கோடு?" என்று கேட்கும். அப்போது வஸ்ம் என்ற சொல்லையும் சொல்லிக்கொடுங்கள், மவ்ஸிமையும் சொல்லிக்கொடுங்கள், வாடையையும் கொண்டலையும் சொல்லிக்கொடுங்கள். மொன்சூன் எங்கிருந்து வந்தது என்ற கதையையும் அந்த இடத்தில் நின்று தாராளமாகச் சொல்லுங்கள். அங்கே அதற்கு ஒரு பொருள் இருக்கும்.

ஆசிரியர்களாகிய எமது பங்கையும் சொல்லிவிடுகிறோம். இந்த மாரிக்குத் தரம் 9, 10, 11 புவியியல் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் காற்றுகளின் பெயரையும், அவை எந்த மாதத்தில் பெயரும் என்பதையும், வெள்ளம் வந்த வருடங்களையும் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். புள்ளி உண்டு. உங்கள் வீட்டுக்குப் பிள்ளை கொப்பியோடு வந்து உட்கார்ந்தால் "போய்ப் படி" என்று விரட்ட வேண்டாம். அதுதான் படிப்பு.

அந்தப் பழைய செய்தி இந்த வருடமும் வரும். வரட்டும். பகிர்வதற்கு முந்தி ஒரு நிமிடம் ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பாருங்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு பகிருங்கள்.

கருத்து வேறுபாடு இருந்தால் எழுதுங்கள், பேசுவோம். உங்கள் ஊரில் தண்ணீர் வந்த உயரமும் வருடமும் தெரிந்தவர்கள் அதையும் கீழே எழுதுங்கள். பட்டியலாக்கிப் பள்ளிவாசலில் ஒப்படைப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.